சைத்ராவின் இடது காது

பவானி
12 ஜூலை 2024

தமிழ்,

தபாலில் கடிதம் என்றதும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் எண் என்னிடம் இல்லை. சைத்ராவின் காதுகுத்து அன்று நீ கோயிலிலிருந்து எழுந்து போனாயே, அன்றைக்கே உன் மச்சான் என் போனிலிருந்து அதை அழித்துவிட்டார். நானும் தேடிப் பிடித்து வாங்கவில்லை. உன் கடை முகவரி இப்போது சைத்ராவின் போனில்தான் கிடைத்தது. கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய், பின்னால் போர்டு. முகவரியைப் படிக்கப் படத்தைப் பெரிதாக்கினால் உன் காதுதான் முதலில் வந்து நிற்கிறது. கூடப் பிறந்தவன் காதில் டம்ளர் நுழையும் போலிருக்கிறது, அக்காவுக்கு இத்தனை வருடம் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சைத்ரா பன்னிரண்டாவது படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிடலாம் என்று கூப்பிட்டேன். நானே வைத்துக்கொள்கிறேன் என்று நழுவினாள். பிடித்து உட்கார வைத்துச் சடையை அவிழ்த்தால், இரண்டு காதிலும் தோடு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ கட்டை. பேனா ரீஃபில் தடிமன் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டு போகிறவள், காது மறைந்துபோகிறது. எத்தனை மாதமாக இது நடக்கிறதோ, எனக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை.

"ஏன்டி, என்னடி இது?" என்றேன்.

"காதைப் பெருசு பண்றனுங்மா. மாமா மாதிரி."

மாமா மாதிரியாம். உன்னை ஐந்து வயது வரை பார்த்தவள். உன் காது ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டு, "மாமா, அந்தப்பக்கம் வந்துருச்சு!" என்று சிரிப்பாளே, அது மட்டும் நினைவிருக்கிறதாம். உன் படங்கள் எல்லாம் அவள் போனில் இருக்கின்றன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு நீதான் காரணம். உன்னைப் பார்த்துத்தான் அவள் இந்த வேலையில் இறங்கியிருக்கிறாள். நான் சொல்லி அவள் கேட்கப் போவதில்லை, நீ சொன்னால் கேட்பாள். நிறுத்தச் சொல். அவள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார்.

போனில் பேசலாம்தான். பேசினால் இரண்டு பேரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம். அதனால் எழுது. வீட்டுக்கு வேண்டாம், நான் வேலை பார்க்கும் ஜமக்காளக் கடை முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கயல்விழி


சரவணம்பட்டி
23 ஜூலை 2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினெட்டு வயது நிரம்பாத யாருடைய காதையும் என் கடையில் பெரிதாக்குவதில்லை. பெற்றவர்களே கூட்டிக்கொண்டு வந்து கேட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். உங்கள் மகளுக்கு நான் எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. என் படங்களை ஊரே பார்க்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

காரணம் நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடம் கழித்து வருகிற முதல் கடிதத்தில் இதைத்தான் எழுதத் தோன்றியிருக்கிறது.

கருப்பராயன் கோயிலில் அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். தாய்மாமன் சீர்த் தட்டோடு வந்தேன். போட்டோவுக்கு நன்றாக இருக்காது, காதில் இருப்பதைக் கழற்று என்றீர்கள். கழற்றினேன். சைத்ராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறுமனே தொங்கிக்கொண்டிருந்த என் காதைப் பார்த்து உங்கள் வீட்டுக்காரர், "ஏம் மாப்ள, புள்ளைக்குத் தொட்டில் தனியா எதுக்கு? இதுலயே போட்டு ஆட்டிப்போடலாமாட்ட இருக்குதே" என்றார். வந்திருந்த ஒறம்பரைச் சொந்தங்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நீங்களும் சிரித்தீர்கள்.

நான் எழுந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் பஸ் ஏறுவதற்குள் பெரியம்மா மகன் கருப்புசாமியை அந்த இடத்தில் உட்கார வைத்துக் காது குத்தி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். யார் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்டாளோ, அந்த மாமனிடமே போய்க் கேட்கட்டும்.

இல்லை, நான்தான் தாய்மாமன் என்றால் முறையாகக் கூப்பிட வேண்டும். சிரித்த அதே வாயால் உங்கள் வீட்டுக்காரர் தாம்பூலத் தட்டோடு வந்து கூப்பிடட்டும். வந்து பார்க்கிறேன். அதுவரை அந்தக் காதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்வதாக இல்லை.

இப்படிக்கு,
தமிழ்ச்செல்வன்


பவானி
2 ஆகஸ்ட் 2024

தமிழ்,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கடையில் பார்சல் கட்டிக்கொண்டே படித்தேன், கோணி ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டேன்.

சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரும் சிரிக்கிற இடத்தில் நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அங்கேயே சண்டை மூளும் என்று பயந்து சிரித்தேன். பயத்தில் வருகிற சிரிப்பு உனக்குத் தெரியாதா? அப்பா குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும்போது நாம் இரண்டு பேரும் போர்வைக்குள் சிரிப்போமே, அந்தச் சிரிப்புதான். நீ மட்டும்தான் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள், நீயே எழுந்து போய்விட்டாய்.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கருப்புசாமி மடியில் அவளால் இருக்க முடியவில்லை. "மாமாகிட்டப் போகோணும், மாமாகிட்டப் போகோணும்" என்று வழுக்கி வழுக்கி இறங்கினாள். வலது காதை ஆசாரி எப்படியோ சரியாகக் குத்திவிட்டார். இடது காதில் ஊசி வைக்கிற நேரம் பார்த்துத் தலையை வெடுக்கென்று திருப்பினாள். ஊசி கீழே இறங்கி, ஓரத்தில் போய்க் குத்திவிட்டது. "தப்பிப்போச்சுங், ஆறுன பொறகு மேல இன்னொன்னு குத்திக்கலாங்" என்றார் ஆசாரி. அவள் கத்திய கத்தலைக் கேட்டு, இனி வேண்டவே வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும் என்று நான்தான் சொல்லிவிட்டேன். சின்னத் தோடு போடுவதற்கு அதனால் ஒரு கஷ்டமும் வரவில்லை.

இப்போதுதான் பயமாக இருக்கிறது. அந்தக் கறுப்புக் கட்டைகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நாலு நாளில் வேறு ஒன்று வாங்கிவிட்டாள். பார்சலில் வந்ததாம். நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருக்கிறது, ஒரு முனை கூர், போகப் போகத் தடிமன். தள்ளத் தள்ள ஓட்டை பெரிதாகுமாம். வலது காது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இடது காதில் அந்தச் சுருளுக்குக் கீழே சதையே இல்லாத மாதிரி இருக்கிறது. அவள் தூங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன், தோலுக்குள் வெளிச்சம் தெரிகிறது. இது இப்படி இருக்கலாமா?

உன் மச்சானிடம் உன் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "அவன் படிய நான் போயி மிதிக்கோணுமா?" என்று டெம்போவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கு மேல் காதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு ஆடிப்பெருக்கு, ஊரே கூடுதுறையில் நிற்கும், வீட்டிலும் ஆட்கள் இருப்பார்கள். இன்னும் ஒரு வாரம் பேசவே முடியாது.

முறை அப்புறம் வரட்டும், தமிழ். கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொள், என்னோடு சாகும்வரை பேசாமல் இரு. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. ஒரு வரி போதும்.

கயல்


சரவணம்பட்டி
26 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மச்சான் வருவார், வரட்டும் என்று கடை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்று காலையில் பக்கத்து ஐ.டி. கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தது. காதைப் பெரிதாக்க வேண்டுமாம். பார்த்தால் ஓட்டை ஓரத்தில் இருக்கிறது. "இதுல பண்ணக் கூடாதுங்க, கிழிஞ்சுபோயிரும்" என்று உட்கார வைத்துக் கால் மணி நேரம் சொல்லி அனுப்பினேன். அது போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. பேர்கூடத் தெரியாத ஒருத்திக்குச் சொன்னதை உனக்கு ஒரு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் இடது காது. அந்தச் சுருளை இன்றைக்கே கழற்றச் சொல். ஓட்டை கீழ் ஓரத்தில் இருந்தால் பெரிதாக்கவே கூடாது. பெரிதாகும்போது புதிதாகச் சதை வளர்வதில்லை, சுற்றி இருக்கிற சதைதான் விலகி இடம் கொடுக்கிறது. கொடுக்கக் கீழே சதை இல்லை என்றால் சன்னமாகிக்கொண்டே போய் ஒருநாள் அறுந்துவிடும். டார்ச் வெளிச்சம் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த நிலைக்கு வந்துவிட்டது.

கழற்றும்போது பிடித்து இழுக்காதே. வெந்நீரில் குளித்துவிட்டு வரட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துளி எண்ணெய் தொட்டு, வந்த வழியிலேயே மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். காது சிவந்து சூடாக இருந்தாலோ சீழ் இருந்தாலோ நீயாக எதுவும் செய்யாதே, மஞ்சள் கிஞ்சள் அப்பாதே, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. எடுத்த பிறகு அந்தக் காதில் தோடுகூட வேண்டாம்.

அந்தச் சுருள் எல்லாம் காதில் போட்டுக்கொண்டு திரிவதற்கு ஆனதே இல்லை. பிளாஸ்டிக். தன் கனத்தாலேயே கீழே இழுக்கும், முடியில் சிக்கும், துணியில் மாட்டும். புதிதாக விரிந்த காதுக்குக் கண்ணாடி, இல்லை நல்ல ஸ்டீல், டைட்டானியம், இவ்வளவுதான் ஆகும். பிளாஸ்டிக்கும் மரமும் முழுக்க ஆறிய காதுக்குத்தான்.

வலது காதில் ஓட்டை நடுவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவளுக்கு ஆசை விடவில்லை என்றால் அதை மட்டும், பதினெட்டு முடிந்த பிறகு, நான் பக்கத்தில் இருந்து செய்கிறேன். அவசரம் கூடாது என்று சொல். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மாதம், பெரிதாகப் பெரிதாக அதைவிட அதிகம். காது தயாராக இருந்தால் அடுத்தது தானே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ரத்தம் வந்தால் உள்ளே கிழிந்திருக்கிறது, பழைய சின்ன அளவுக்கு இறங்கிவிட வேண்டும். நான் இந்த அளவுக்கு வர வருடக்கணக்காக ஆனது. அந்த வருடங்கள் படத்தில் தெரியாது, காது மட்டும்தான் தெரியும். வேண்டாம் என்று பிற்பாடு கழற்றிவிட்டால் பழையபடி சுருங்கிவிடும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, அதையும் சொல்.

மச்சான் கூப்பிட வேண்டாம். தட்டும் வேண்டாம். சனிக்கிழமை அவளை இங்கே கூட்டிக்கொண்டு வா. என் எண் கீழே இருக்கிறது, கடிதம் கிடைத்ததும் கூப்பிடு.

போர்வைக்குள் சிரித்தது எனக்கும் நினைவிருக்கிறது.

தமிழ்


பவானி
3 செப்டம்பர் 2024

தமிழ்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சைத்ராவின் காது புதன்கிழமையே போய்விட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று ரிப்பனை அவசரமாக இழுத்து அவிழ்த்திருக்கிறாள். அந்தச் சுருளுக்குள் சடை முடி சிக்கியிருந்திருக்கிறது. கத்தக்கூட இல்லை. அடுப்படிக்கு வந்து என் முன்னால் கையை நீட்டினாள். ரிப்பன், ரிப்பனில் முடி, முடியில் அந்தச் சுருள். "அம்மா, கையோட வந்துருச்சுங்மா" என்றாள். சட்டைக் காலரெல்லாம் ரத்தம். இடது காது கீழே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

உன் மச்சான் கத்தரிக்கோலோடு வருவார் என்று எழுதியிருந்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளை டெம்போவில் தூக்கி உட்கார வைத்து, ஈரோடு போய்ச் சேரும் வரை அழுதுகொண்டே ஓட்டினார். உள்ளே முன்பே சீழ் பிடித்திருக்கிறதாம். இப்போது தைத்தால் நிற்காது, ஆறட்டும், மூன்று நாலு மாதம் கழித்து ஆபரேஷன் செய்து சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை அவள் அந்தக் காதோடுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவள் போன் என் கையில் இருந்தது. பார்த்தேன். மார்ச் மாதமே உனக்கு அனுப்பியிருக்கிறாள். 'மாமா, நான் சைத்ரா. காது பெருசு பண்றேன். அடுத்த சைஸ் எப்போ போடலாம்? ஒரு பக்கம் ஓட்டை கீழ இருக்கு, பரவாயில்லையா?' கீழே நீ பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது. பதில் இல்லை. அதே வாரம் உன் படங்களுக்குக் கீழே சென்னைக்காரன், பெங்களூர்க்காரன், யார் யாரோ கேட்டதற்கெல்லாம் தம்பி, தங்கச்சி என்று பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாய்.

அவளுக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை என்று எழுதினாயே, சத்தியமான வார்த்தைதான்.

அவள் கேட்ட அன்று 'வேண்டாம் கண்ணு' என்று இரண்டு வார்த்தை போதும். போன மாதம் நான் கேட்டபோதுகூட எனக்கு ஏன் இத்தனை பக்கம் எழுதி ஸ்டாம்பு ஒட்டினாய்? அவளுக்கு அனுப்பியிருந்தால் அந்த நிமிஷமே போய்ச் சேர்ந்திருக்கும். முன்பே பதில் சொல்லாமல் விட்டது வெளியே வந்துவிடும் என்றுதானே?

இனி எழுதாதே.

கயல்விழி


சரவணம்பட்டி
10 செப்டம்பர் 2024

அக்கா,

எழுதாதே என்ற பிறகும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

பார்த்தேன். அவள் அனுப்பிய அன்றே பார்த்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கினேன். உன் நெற்றி, உன் புருவம். பதில் அடிக்கவும் ஆரம்பித்தேன். பாதியில் மச்சானின் சிரிப்பு காதில் கேட்டது. இந்த வீட்டுக்கு மாமன் வேண்டாம், மாமனின் தொழில் மட்டும் வேண்டுமா என்று தோன்றியது. சென்னியப்பன் மச்சானின் மகள் கேட்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. சைத்ரா கேட்கிறாள் என்று படவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீ சொன்னதும் சரிதான். உன் கடிதம் வந்த பிறகு அவளுக்கே அனுப்பத் தோன்றியது. மேலே அவளுடைய பழைய கேள்வி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அதன் கீழே எழுத எனக்கு முகம் இல்லை. அதனால்தான் தபால்.

நீ எழுதாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. நான் அன்று எழுந்திருக்காவிட்டால் அவள் திமிறியிருக்க மாட்டாள். என் மடியில் அவள் எப்போதும் ஆடாமல் இருப்பாள். ஊசி கீழே இறங்கியிருக்காது. நீ என்னைக் குத்திக்காட்ட அதை எழுதவில்லை என்று தெரியும். எழுதியிருக்கலாம். இத்தனை வருடமும் அன்று மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அவள் காதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பவானிக்கு வந்தேன். உங்கள் தெரு முனை வரைக்கும் வந்தேன். டெம்போ வாசலில் நின்றது. சைத்ரா காதில் கட்டோடு மொட்டை மாடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நடந்து நடந்து படித்துக்கொண்டிருந்தாள். உயரமாகிவிட்டாள். கூப்பிடுகிற தூரம்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முனையில் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றேன். டீக்கடைக்காரர் என் காதைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆபரேஷன் எப்போது என்று தெரிந்தால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

தமிழ்


பவானி
9 பிப்ரவரி 2025

தமிழ்,

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஆபரேஷன் முடிந்தது. தையல் பிரித்தாகிவிட்டது. காது சேர்ந்துவிட்டது. கீழே ஒரு கோடு இருக்கிறது, கிட்டத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். அவளுக்குத் தெரிகிறது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது தலையை அந்தப் பக்கம் சாய்த்தே வைத்துக்கொள்கிறாள். அடுத்த மாதம் பரீட்சை. நன்றாகத்தான் படிக்கிறாள்.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் மச்சான்தான் எழுதச் சொன்னார். நம்ப மாட்டாய். முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஏன் கயலு, கோட்டுக்கு மேல புதுசாக் குத்திக்கலாம்னு டாக்டர் சொன்னாரல்லோ? குத்தறதுன்னா மாமன் மடில உக்கார வெச்சே குத்திப்போடலாம். நான் போயிக் கூப்புடறேன். அன்னைக்கு நான் பேசுனது தப்புத்தான்" என்றார். மறுநாள் சந்தையில் ஒரு பித்தளைத் தட்டும் வாங்கிவந்துவிட்டார். நீ கேட்டது நடந்துவிட்டது. தட்டு அலமாரி மேல் இருக்கிறது.

சைத்ராவிடம் சொன்னேன். குத்துவதே வேண்டாம் என்கிறாள். வலது காதிலும் ஒன்றும் போடுவதில்லை, அந்த ஓட்டையும் சுருங்கிக்கொண்டு வருகிறது. "மாமா வந்தா என்ன சொல்றது?" என்றேன். "வரட்டுங்மா. எனக்கென்ன" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுச் சமாதானம் செய்யலாம். உன் படங்களை அவள் போனில் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

உன்னை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். நீ எழுந்தபோது உன் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம். ஒரு எட்டில் இருந்தாய். காது ஆறிய பிறகு ஆசாரியைக் கூப்பிட்டு மேலே குத்தியிருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவள் அப்பாவுக்குப் பயந்து, உன் பதிலுக்குக் காத்து உட்கார்ந்திருந்தேன். அவர் கடைசியில் திட்டவே இல்லை. யாருக்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். படித்துக்கொண்டே அந்தப் பக்கம் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன். படுக்கலாமா?

கயல்


சரவணம்பட்டி
12 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. சாயங்காலத் தபாலில் சேர்க்க வேண்டும் என்று கடையில் ஆளைக் காக்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மச்சானை வர வேண்டாம் என்று சொல். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதையும் சொல். அந்தத் தட்டுக்காகத்தான் போன வருடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அதை எப்படிக் கை நீட்டி வாங்குவது? காது குத்திக்கொள்ளவே வேண்டாம் என்கிற பிள்ளையை எந்த மடியில் உட்கார வைப்பது? தட்டில் தினமும் பூ வைத்துக்கொள், நல்ல பித்தளை வீணாக வேண்டாம்.

சைத்ராவுக்குப் பொங்கலன்று பதில் அனுப்பினேன். போன மார்ச்சில் அவள் கேட்டிருந்தாளே, அதற்குக் கீழேயே. 'போட வேண்டாம் கண்ணு. ஓட்டை கீழே இருந்தால் கிழிந்துவிடும். மாமாவைப் பார்த்து அவசரப்படாதே. எப்போது வேண்டுமானாலும் கேள்.' அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டியதை ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்பினேன். மன்னித்துக்கொள் என்று சேர்க்கலாமா என்று யோசித்தேன். அது எனக்காகக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை. கடையில் ஆள் இருக்கும்போதுகூட எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவளும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். பதில் சொல்லச் சொல்லி நீ அவளை வற்புறுத்தாதே. என் பேச்சையே எடுக்காதே. பரீட்சை முடியட்டும்.

நீ கேட்டதற்கு: இடது பக்கம் படுக்கக் கூடாது. இன்னும் ஒரு மாதமாவது கூடாது. மேலே தோல் சேர்ந்துவிட்டாலும் உள்ளே பலம் வர நாளாகும். முதுகுப் பக்கம் ஒரு தலையணையை அண்டக் கொடுத்து வலது பக்கமாகப் படுக்க வை, தூக்கத்தில் புரள மாட்டாள். தலை துவட்டும்போது துண்டு அதில் மாட்டாமல் பார்த்துக்கொள். சடையை மடித்துக் கட்டாதே, கொஞ்ச நாளைக்கு ஒற்றைச் சடையாகப் பின்னால் போட்டுவிடு. இதை எல்லாம் டாக்டரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்.

நான் சொன்னதாகச் சொல்லாதே, கேட்காமல் போய்விடுவாள். நீயாகச் சொல்கிற மாதிரி சொல்.

தமிழ்